மெல்பர்ன் வழியாக ஊருக்கு அனுப்புகிறீர்களா? டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள்

போன மாதம் அம்மாவைத் திருச்சிக்கு அனுப்பியபோது நடந்ததை எழுதுகிறேன். சிட்னியில் இருந்துகொண்டு, காசு மிச்சம் என்று பெற்றோரை மெல்பர்ன் வழியாக அனுப்ப நினைப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். எனக்குப் போனது 1,415 டாலர். பணம் போனது ஒரு பக்கம். 71 வயதில் முட்டி வலியோடு அம்மா அன்று ராத்திரி பட்ட பாடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் பகுதியில் நம்மவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு ஏஜென்ட். தெரிந்தவர்கள் சொல்லித்தான் போனேன். சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு டிக்கெட், மெல்பர்னிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்குத் தனியாக இன்னொரு டிக்கெட், இப்படிப் பிரித்துப் போட்டால் 210 டாலர் குறையும் என்றார். நான் வாட்ஸ்அப்பில் தெளிவாகக் கேட்டேன்: "மெல்பர்ன்ல இறங்கி வேற ஏர்போர்ட் போகணுமா? அம்மாவால ரொம்ப நடக்க முடியாது." அவர் பதில்: "ஒரே ஏர்போர்ட்தாங்க. டெர்மினல் மட்டும் மாறினா போதும். நாலு மணி நேரம் இருக்கு, தாராளம்."

டிக்கெட் வந்தது. அதில் மெல்பர்ன் என்று போட்டு, பக்கத்தில் அவலான் என்று இருந்தது. நான் அதை டெர்மினலின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 கடைசியில் ஒரு மலேசிய விமான நிறுவனம் தன் கோலாலம்பூர் விமானங்களை அவலானுக்கு மாற்றியது. 2019இல் என் மாமியார் அப்படித்தான் வந்து போனார், அதனால் இந்தக் கோலாலம்பூர் விமானமும் அங்கிருந்தே கிளம்பும் என்று இருந்துவிட்டேன். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், அவர்கள் மறுபடி மெல்பர்னின் முக்கிய விமான நிலையமான டுல்லமரீனுக்கே போய்விட்டார்கள். டிக்கெட் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்பர்ன் பெயரில் பெரிய பயணிகள் விமானங்கள் இறங்கும் நிலையங்கள் இரண்டு. டுல்லமரீன் ஊருக்கு வடமேற்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. கோலாலம்பூர் விமானம் கிளம்புவது அங்கேதான். உள்நாட்டு விமானத்தில் அங்கே இறங்கினால், இரண்டாம் டெர்மினலுக்கு நடந்தே போய்விடலாம். அவலான் ஊருக்குத் தென்மேற்கே, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சொல்லப்போனால் மெல்பர்னைவிட ஜீலாங் என்ற வேறு ஊருக்குத்தான் அது பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் மெல்பர்ன் வரை நானும் கூடப் போனேன். வெள்ளிக்கிழமை. 5:05க்கு இறங்க வேண்டிய விமானம் 6:10க்குத்தான் இறங்கியது. கோலாலம்பூர் விமானம் 9 மணிக்கு. வெளியே பார்த்தால் சுற்றிலும் புல்வெளி, தூரத்தில் யூ யாங்ஸ் குன்றுகள். "இதுவா பெரிய ஊரு? நம்ம திருச்சி ஏர்போர்ட்டே பெருசா இருக்கே" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டி வர 6:40 ஆகிவிட்டது. அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் கோலாலம்பூர் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "நீங்கள் இருக்க வேண்டிய இடம் இது இல்லை, உடனே கிளம்புங்கள்" என்றார்.

ஏஜென்ட்டுக்கு ஐந்து தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அங்கிருந்து கிளம்பும் பஸ் நகருக்குள் போவது, நேரே டுல்லமரீனுக்கு இல்லை. பக்கத்து ரயில் நிலையமான லாராவுக்குப் போய், மெல்பர்ன் நகருக்குள் இருக்கும் சதர்ன் கிராஸ் நிலையம் வரை ரயிலில் வந்து, மறுபடி அங்கிருந்து டுல்லமரீன் போகும் ஸ்கைபஸ் என்ற பஸ்ஸைப் பிடிக்க நேரமில்லை. வாசலில் நின்ற ஒருவர் தானாகவே வந்து, "டுல்லமரீனா? 280 டாலர், சீக்கிரம் விட்டுடறேன்" என்றார். மீட்டர் இல்லை, வண்டியில் டாக்ஸிப் பலகையும் இல்லை. அம்மாவை உட்கார வைத்தால் போதும் என்று ஏறிவிட்டேன்.

ரிங் ரோட்டில் வெள்ளிக்கிழமை நெரிசல். போய்ச் சேர்ந்தபோது மணி 8:20. இறங்கும்போது அவர் கேட்டது 345. பெட்டிக்கு 30, டோல் 35 என்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது, கொடுத்துவிட்டேன். பிறகு வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். பிரின்சஸ் ஃப்ரீவே, வெஸ்டர்ன் ரிங் ரோடு, அங்கிருந்து வடக்கே டுல்லமரீன் ஃப்ரீவே, இந்த வழியில் எங்கேயும் டோலே கிடையாது. டோல் வசூலிக்கும் பகுதி அதற்குத் தெற்கே, நகரை ஒட்டித்தான் இருக்கிறது. இல்லாத டோலுக்கு என்னிடம் 35 டாலர் வாங்கியிருக்கிறார். ரசீதும் இல்லை, வண்டி நம்பரும் நான் குறிக்கவில்லை. அதனால் புகார் கொடுக்க வழியே இல்லாமல் போய்விட்டது.

கவுண்டர் 8 மணிக்கே மூடிவிட்டது. சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்ததும் அதோடு போயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால், வராமல் போன பயணி என்று கணக்கு. இரண்டு நாள் கழித்துப் புது டிக்கெட் 890, அன்றைய ராத்திரி ரூமுக்கு 180. மறுநாள் தெரிந்தவர்கள் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "உனக்கு வீண் செலவாயிடுச்சேப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் போனை எடுத்த ஏஜென்ட் சொன்னது: "டிக்கெட்ல அவலான்னு போட்டிருக்கே, நீங்கதான் பார்த்திருக்கணும்." நான் குறிப்பாகக் கேட்டதும், அவர் ஒரே ஏர்போர்ட் என்று எழுதியதும் என் போனில் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தேன். ஆஸ்திரேலியாவில் 2014இலிருந்து டிராவல் ஏஜென்ட் நடத்த லைசென்ஸ் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஆனால் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்ற நுகர்வோர் சட்டம் அவர்களுக்கும் உண்டு. எழுத்தில் இருந்ததால்தான் அவர் இறங்கி வந்து 700 டாலர் கொடுத்தார். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறி இருக்கும். எம்இஎல் என்றால் டுல்லமரீன், ஏவிவி என்றால் அவலான். மெல்பர்ன் நகருக்கு மட்டும் போகிறவர்களுக்கு அவலானில் தவறில்லை, ஜீலாங் பக்கம் போகிறவர்களுக்கு நல்லதும்கூட. டுல்லமரீனிலிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அங்கே இறங்கக் கூடாது. கையில் நாள் இருந்தால், சிட்னி சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் சுமார் பதினொரு மணி நேரத்தில் காலையில் சதர்ன் கிராஸ். அங்கிருந்தே ஸ்கைபஸ் டுல்லமரீனுக்குப் போகிறது. டுல்லமரீனுக்கு ரயில் கிடையாது, யாராவது இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். வாடகை வண்டி வேண்டுமென்றால் வரிசையில் நிற்கும் டாக்ஸியில் மட்டும் ஏறி, மீட்டர் போடச் சொல்லுங்கள். வாசலில் தானாக வந்து கூப்பிடுகிறவரிடம் போகாதீர்கள், என்ன அவசரமாக இருந்தாலும்.

இந்த மாதம் யாராவது அப்பா அம்மாவை இப்படிப் பிரித்துப் போட்ட டிக்கெட்டில் அனுப்புவதாக இருந்தால், இப்போதே அதை எடுத்துப் பாருங்கள். ஏவிவி என்று இருந்தால் இன்றைக்கே ஏஜென்ட்டிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃபேர் டிரேடிங்குக்கு என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், நான் எழுதியதை அனுப்புகிறேன்.