ஆயில் குடிக்கிற பழைய காரை எங்கே காட்டுவது? காக்கி புக்கிட் பட்டறை ஒன்றைப் பற்றி

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது காத்திருக்க வைத்ததற்காக. மீதி நான்கும், ஓவர்ஹால் (இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்வது) என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போட வாய்ப்பு இருந்தும் “இந்தக் காருக்கு அது வேண்டாம் தம்பி” என்று சொன்னதற்காக. பட்டறை சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கிறது. இரண்டு கார் நிறுத்தத்தான் இடம். ஒரு தமிழ் அண்ணனும் ஒரு சீன அங்கிளும் சேர்ந்து நடத்துகிறார்கள். கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்த முறையை எழுதினால், உங்கள் பட்டறைக்காரரிடம் என்ன கேட்கலாம் என்றாவது தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கார் ஆறு வயது ஜப்பானிய செடான், 1.8 லிட்டர், டர்போ கிடையாது, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. டீலரிடம் வாங்கினேன். சத்தம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை, புளோக் கார் நிறுத்துமிடத்தில் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. ஆனால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் அளவு இறங்கிக்கொண்டே போனது, பாலம் தாண்டி மலேசியா பக்கம் போய்வந்தால் இன்னும் வேகமாக இறங்கியது. டீலரிடம் சொன்னால் “பழைய காடி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், டாப்-அப் பண்ணி ஓட்டுங்க” என்றார். விடாமல் கேட்டதும் அவருடைய ஆள் 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி அனுப்பினார். கெட்டி ஆயில் ஊற்றினால் குடிப்பது சற்றுக் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் இந்தக் காலத்து இன்ஜின்களில் வால்வு டைமிங்கை மாற்றுகிற பாகங்களே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன, அந்தச் சின்னத் துவாரங்களில் கெட்டி ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. விற்றவருக்கு வேண்டுமானால் அது தீர்வு.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். எவ்வளவு வரை சரி என்று பார்த்தால் கார் நிறுவனங்கள் வைத்திருக்கிற எல்லை தாராளமாக இருக்கிறது: டொயோட்டா கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 1 லிட்டர், ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் 0.5 லிட்டர். ஆயில் மாற்றுகிற இடைவெளி 10,000 கிலோமீட்டர் என்று வைத்தால் டொயோட்டா எல்லைப்படி ஒரு கார் 10 லிட்டர் குடித்தாலும் “நார்மல்” என்று சொல்ல இடம் இருக்கிறது, இன்ஜினுக்குள் மொத்தமாகப் பிடிப்பதே நாலு சொச்சம் லிட்டர்தான்! சில இன்ஜின்கள் இந்த விஷயத்தில் ஊரறிந்தவை. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜினுக்கு 2011-ல் அமெரிக்காவில் திருத்திய பிஸ்டன் போடச் சொல்லிப் பட்டறைகளுக்குக் குறிப்பே அனுப்பினார்கள். நம் ஊர் சாலையில் எங்கும் பார்க்கிற எஸ்டிமா 2.4, அல்பார்ட் 2.4 எல்லாம் அதே இன்ஜின் குடும்பம்தான். ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ, சுபாருவின் 2.0, 2.5 லிட்டர் எஃப்பி இன்ஜின்கள் இரண்டின் மீதும் அங்கே வழக்கு நடந்து, சமரசத்தில் முடிந்தது. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் விலையைப் பேசும் முன் இன்ஜின் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். என் காரின் இன்ஜின் அந்தப் பட்டியல் எதிலும் இல்லை.

சரி, பட்டறைக்கு வருவோம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேள்விதான் வந்தது. எப்போது குடிக்கிறது, நெடுஞ்சாலையிலா ஊருக்குள்ளா, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வருகிறதா, சிக்னலில் நீண்ட நேரம் நின்று கிளம்பும்போது வருகிறதா, மேட்டில் அழுத்தும்போது வருகிறதா? ஸ்டார்ட் செய்தவுடனோ சிக்னலில் இருந்து கிளம்பும்போதோ ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் (வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) மேல் சந்தேகம், அழுத்த அழுத்த விடாமல் வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருக்கிற வளையம்) மேல் சந்தேகம் என்று அண்ணன் விளக்கினார். என் காரில் இரண்டும் இல்லை. புகை தெரியவில்லை என்பதற்காக எரியவில்லை என்று அர்த்தமில்லையாம், கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தால் பின்னால் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதைத் தின்றுவிடும். அதற்கும் விலை உண்டு, ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் நாளடைவில் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், பிறகு வாகனச் சோதனையில் புகை அளவு இடிக்கும்.

அடுத்து அளவு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இந்தப் பட்டறைக்கு நான் காசு கொடுத்ததே இதற்காகத்தான் என்றுகூடச் சொல்வேன். டீலர் ஊற்றிய ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30-ஐ டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஊற்றினார்கள். வடிகால் போல்ட், ஃபில்லர் மூடி, டிப்ஸ்டிக் பிடி மூன்றிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு, யாராவது திறந்தால் கோடு விலகித் தெரியும். மீட்டரைப் படம் எடுத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, நடுவில் நீயாக ஊற்றாதே, ஆனால் வாரம் ஒருமுறை இழுத்துப் பார், கீழ்க் கோட்டைத் தொட்டால் உடனே வா என்றார். சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வந்து 1,000 கிலோமீட்டர் சேர நாளாகும். நான் கோலாலம்பூர் போய்வந்தேன், அதிலேயே 700-க்கு மேல் சேர்ந்துவிட்டது (சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்கிற விதியை மறக்காதீர்கள், ஆயில் கவலையில் அதை விட்டுவிட்டால் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்). 1,000 முடிந்து பட்டறைக்குப் போனதும் அளவு குவளையில் ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 700 மில்லி. அதை ஒரு தாளில் எழுதி, கிலோமீட்டர், தேதி, முத்திரையோடு கொடுத்தார்கள்.

நீங்களே வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் சில இடங்கள் லேசாகச் சரிவாக இருக்கும், ஒரு நாள் மூன்றாம் மாடியிலும் மறுநாள் சரிவுப் பாதை ஓரத்திலும் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒரே இடம், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. அப்புறம், டேஷ்போர்டில் வருகிற சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது காட்டுவது ஆயில் அழுத்தத்தை, அளவை இல்லை. அது எரியும்போது பம்ப் ஏற்கெனவே காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கும், பேரிங் தேயத் தொடங்கியிருக்கும்.

அளவு தெரிந்த பிறகுதான் காரணம் தேடினார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் நான்கு சிலிண்டரும் நன்றாகவே காட்டின. வேறு இடமாக இருந்தால் “கம்ப்ரெஷன் ஓகே, அப்படியானால் வால்வு சீல்தான்” என்று அங்கேயே முடிவு கட்டியிருப்பார்கள். அண்ணன் சொன்னது வேறு. பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கிறது. மேலே இருக்கிற இரண்டும்தான் அழுத்தத்தைப் பிடிப்பவை. மூன்றாவது ஆயில் ரிங், அதன் வேலை சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது. அதற்குப் பின்னால் பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், முன்பு வைத்திருந்தவர்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருந்தால் அந்த ஓட்டைகள் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும், ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது கம்ப்ரெஷன் எண் அழகாக இருக்கும், ஆயில் மட்டும் மேலே ஏறி எரியும். ஊருக்குள்ளேயே நின்று நின்று குறைந்த தூரம் ஓடுகிற கார்களில் இது சகஜம் என்றார். பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டு எனக்கே காட்டினார்: பிஸ்டன் தலை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தம். ஆயில் ஏறுகிற வழி அதுதான். இப்படிக் கண்ணால் காட்டாமல் “ரிங் போச்சு” என்று வாயால் மட்டும் சொல்கிற இடத்தில் இனி நான் கார் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

வேலையை மலிவானதில் இருந்து தொடங்கினார்கள். முதலில் பிசிவி வால்வு, இன்ஜின் அடிவயிற்றில் சேருகிற வாயுவை மேலே இழுத்துவிடுகிற சின்னச் சாமான். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைத் தள்ளும், திறந்தே மாட்டிக்கொண்டால் இன்டேக் குழாய் ஆயிலை உறிஞ்சும். என் காரில் த்ராட்டில் பக்கத்துக் குழாய்க்குள் விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு, வால்வு திறந்தே மாட்டியிருந்தது. சாமானும் கூலியும் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது. அதோடு நிறுத்தி மறுபடி அளந்தார்கள். இங்கே பலருக்குப் பொறுமை போய்விடும், எனக்கும் போனது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போயிருக்கும். 700 மில்லி 500-க்கு வந்தது.

அதன் பிறகு பிஸ்டன் ஊறவைப்பு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கரி கரைக்கிற திரவத்தை ஊற்றி, ஓர் இரவு முழுக்க விட்டு, மறுநாள் பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவார்கள். பாட்டில் கடையில் கிடைக்கிறது என்று வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: திரவம் உள்ளே இருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தத் திரவம் ஆயில் தொட்டிக்கும் இறங்கியிருக்கும் என்பதால் பழைய ஆயிலோடு ஓட்டவும் கூடாது. என் காரில் இரண்டு இரவு ஊறவைத்தார்கள், வடித்த ஆயில் தார் நிறத்தில் இருந்தது. அடுத்த அளவு 300 மில்லி. இது எல்லாக் காருக்கும் பலிக்காது, ரிங் ஒட்டியிருந்தால் விடும், தேய்ந்திருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் காசுதான் கரையும். இதை முன்கூட்டியே சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

300-க்குக் கீழே கொண்டுவர வேண்டுமானால் இன்ஜினை இறக்கி ரிங் மாற்ற வேண்டும். நான் கேட்டேன். அண்ணன் பதிலுக்கு சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்குகிற பத்தாண்டு உரிமச் சான்று) எப்போது முடிகிறது என்று கேட்டார். நான்கு ஆண்டுகூட இல்லை என்றதும் சிரித்துவிட்டார். வேறு ஊரில் நல்ல இன்ஜின் காரின் விலையை ஏற்றும். இங்கே பத்து வயதுக்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால் திரும்பக் கிடைக்கிற பார்ஃப் தொகை, ஆரம்பத்தில் கட்டிய ஏஆர்எஃப் என்கிற பதிவு வரியையும் காரின் வயதையும் பார்த்துத்தான் கணக்காகிறது, உள்ளே புது ரிங் போட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து, அதை நான்கு ஆண்டில் ஊற்றப்போகிற ஆயிலின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு எந்தப் பக்கமும் நிற்காது. சிஓஇ-யைப் பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப் போகிறவர் என்றால் பேச்சே வேறு, அவருக்கு ரிங் வேலை நியாயமான செலவு என்று அண்ணனே சொன்னார். நான் டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா வைத்துக்கொண்டு, ஆயில் மாற்றுவதை 10,000-இல் இருந்து 5,000 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு லாபம் நான் எதிர்பார்க்காதது. அந்த முத்திரை போட்ட தாளை எடுத்துக்கொண்டு டீலரிடம் போனேன். 2012 செப்டம்பரில் இருந்து இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிற சட்டம்) இருக்கிறது, டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் அது பொருந்தும், கையில் வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. காரின் வயதையும் விலையையும் பார்ப்பார்கள், அதனால் ஆறு வயதுக் கார் புதுக் கார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாயால் சொன்னபோது “நார்மல்” என்றவர், எண்ணும் தேதியும் இருந்த தாளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். கேஸ் என்கிற நுகர்வோர் அமைப்பிடமோ சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமோ போகத் தேவை வரவில்லை, பட்டறைச் செலவில் பாதியை பேநவ் (போன் வழிப் பணப் பரிமாற்றம்) மூலம் அனுப்பிவிட்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஜொகூரில் இருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர், நெரிசல் இருந்தால் கடை திறப்பது பத்தரை, பதினொன்று ஆகும். போன் எடுப்பது அபூர்வம், வாட்ஸ்அப்பில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வரும். உட்காரக் காற்றாடியும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான், பக்கத்து கோப்பிக்கடையில் தே ஓ குடித்துக்கொண்டு காத்திருப்பது உத்தமம். அந்த அளவுத் தாளைக்கூட நானாகக் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள், இவ்வளவு நல்ல வேலை செய்கிறவர்கள் அதை வழக்கமாகவே கொடுக்கலாம். மாற்றுக் கார் கிடையாது, ஊறவைத்த இரண்டு இரவும் எம்ஆர்டிதான். ஐரோப்பிய டர்போ கார்களை எடுப்பதில்லை, கொண்டுபோனால் சின் மிங் பக்கம் ஒரு நண்பரிடம் அனுப்பிவிடுகிறார். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு டயரும் பேட்டரியும் மாற்ற வருகிறவர்களே வரிசையாக நிற்பார்கள், உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.