ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பேருக்கு ட்ரேட்மார்க்: ஆன்லைன் ஃபைலிங் சர்வீஸுக்கு 5க்கு 3

எங்க ப்ராஜெக்ட் பேரை ட்ரேட்மார்க் பண்ண ஒரு ஆன்லைன் ஃபைலிங் சர்வீஸ்ல கொடுத்தோம், அவங்க பேர் வேணாம், ஏன்னா கொஞ்சம் திட்டப்போறேன். ஃபார்ம் நிரப்பி அனுப்புற வேலைய சுத்தமா பண்றாங்க, ஸ்டேட்டஸ் கேட்டா அன்னைக்கே பதில் வருது. ஆனா ஓப்பன் சோர்ஸ்னா (கோட யார் வேணா எடுத்து, மாத்தி, பகிரலாம்னு விடுறது) என்னன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல.

முதல் பக்கத்துலயே ஓனர் யாருன்னு கேக்குது, தனிநபரா, கம்பெனியா, ரெண்டே ஆப்ஷன். ப்ராஜெக்ட்ங்கறது சட்டப்படி ஒரு ஆளே கிடையாது, கமிட் போட்ட, அதாவது கோட்ல மாத்தம் சேத்த, அத்தனை பேரையும் ஓனர்னு எழுதவும் முடியாது. சாட்ல கேட்டா "யாராவது ஒருத்தர் பேர் போடுங்க சார், அப்புறம் மாத்திக்கலாம்"ங்கறாங்க. அந்த ஒருத்தர் நாளைக்கு கோச்சிக்கிட்டுப் போனா பேரும் அவர் கூடவே போயிடும்ல? லினக்ஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேரையே சம்பந்தமில்லாத ஒருத்தர் அமெரிக்கால தன் பேர்ல பதிவு பண்ணி வச்சிக்கிட்டு காசு கேட்டு, கேஸ் நடந்து, 1997ல தான் அது லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்துச்சு. ப்ராஜெக்ட்டுங்க சார்பா ட்ரேட்மார்க்க வச்சிருக்கறதுக்குன்னே சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி மாதிரி அமைப்புங்க இருக்கு, அத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாங்களா தேடித்தான் கண்டுபிடிச்சோம்.

அடுத்தது கிளாஸ், அதாவது எந்த வகை பொருளுக்கு, சேவைக்கு பேர பதிவு பண்றோம்ங்கற நம்பர். டவுன்லோட் பண்ற சாஃப்ட்வேர்னா கிளாஸ் 9, நெட்லயே ஓடுற சர்வீஸ்னா கிளாஸ் 42. நாங்க ரெண்டும் தர்றோம்னு ஃபார்ம்ல தெளிவா எழுதியும் டிராஃப்ட்ல 9 மட்டும் போட்டு, விவரத்துல "கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்"னு பொத்தாம்பொதுவா எழுதி அனுப்பிட்டாங்க. சொன்னதும் திருத்திட்டாங்க, அது வேற விஷயம், ஆனா இத கவனிக்கத்தானே காசு வாங்குறாங்க!

பேர் ஏற்கனவே பதிவாகியிருக்கான்னு பாத்துத் தர்ற சர்ச் ரிப்போர்ட்டுக்கு தனியா சார்ஜ், அது வேஸ்ட்டுன்னே சொல்வேன். எழுத்துக்கு எழுத்து அதே பேர் இருக்கான்னு மட்டும் பாத்திருக்காங்க. ட்ரேட்மார்க் ஆஃபீஸ் எக்ஸாமினர் பாக்குறதே ஒரே மாதிரி கேக்குற பேரா, ஜனங்க குழம்புவாங்களான்னுதான். ஐ.நா.வோட அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவோட குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் ஃப்ரீ, அதுல ஸ்பெல்லிங்க மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, இந்த ரிப்போர்ட்ட விட உருப்படியா கிடைக்கும்.

"கோடையே சும்மா குடுக்குறீங்க, பேருக்கு எதுக்கு சார் இவ்ளோ?"ன்னு ஒரு ஏஜென்ட் கேட்டார். கேள்வி தப்பில்ல, ஆனா பதில் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஓப்பன் சோர்ஸ் கோடுக்குப் போடுற அப்பாச்சி 2.0 லைசென்ஸ் 6வது பிரிவுலயே ட்ரேட்மார்க் உரிமை இதுல வராதுன்னு இருக்கு. கோட யார் வேணா ஃபோர்க் பண்ணலாம், அதாவது காப்பி எடுத்து தனியா வளக்கலாம், அதே பேர்ல விடலாமாங்கறது தனி விஷயம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பண்ற மோசில்லாவோட இதே பஞ்சாயத்துலதான், லினக்ஸயும் மத்த சாஃப்ட்வேரையும் தொகுத்துத் தர்ற டிஸ்ட்ரோவான டெபியன் 2006ல ஃபயர்ஃபாக்ஸ ஐஸ்வீசல்னு பேர் மாத்தி, 2016ல திரும்ப பழைய பேருக்கே வந்துச்சு. டிஸ்ட்ரோக்காரங்க நம்ம கோட்ல பேட்ச் (சின்ன திருத்தம்) போட்டு பேக்கேஜ் பண்ணா பேர் வச்சிக்கலாமான்னு ஒரு பாலிசி எழுதணும்ல, அதுக்கு இவங்ககிட்ட சர்வீஸே இல்ல.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தாராளமா பாராட்டலாம். விண்ணப்பம் வெளியானதும் அரசாங்க லெட்டர் மாதிரியே போலி பில்லுங்க வரும், கட்டிடாதீங்கன்னு முன்னாடியே மெயில் போட்டாங்க. சொன்ன மாதிரியே வந்துச்சு, முத்திரை எல்லாம் வச்சு, அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணதும் "போலி, தூக்கிப் போடுங்க"ன்னு உடனே பதில்.