என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போன கதை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் 12 வருடமாக வாகன இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பழைய ஆட்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றுத் தோட்டங்களில் ஓடும் மோட்டார், பழைய புரோட்டோன் சாகா கார், செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்று எல்லாம் சேர்த்து என் எக்செல் கோப்பில் 1,860 வரி. ஒரு வண்டிக்கு ஒரு வரி.

இந்தக் கோப்பை, வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சிஆர்எம் மென்பொருளில் ஏற்றித் தருவதாக ஒருவர் வந்தார். தெரிந்தவர் மூலமாக வந்தவர்தான். "காலாவதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தானாகச் செய்தி போய்விடும் அண்ணே, நீங்கள் உட்கார்ந்து தே தாரே குடிக்கலாம்" என்றார். ஒரு வருட உரிமம், கோப்பை ஏற்றும் வேலை எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி (ரிங்கிட்). முழுப் பணமும் முன்கூட்டியே. கோப்பை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை, "எத்தனை வரி?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

இரண்டு நாளில் முடிந்துவிட்டது என்றார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஆஸ்திரேலியக் கொடி! எனக்குத் தலை சுற்றியது. நடந்தது இதுதான். 012, 016 என்று தொடங்கும் எண்களை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அவர் அதைக் கவனிக்காமல், நாம் எல்லாரும் செய்வதுபோல முன்னால் ஒரு 6 சேர்த்தார். 6012 ஆக வேண்டியது 612 ஆகிவிட்டது. 61 ஆஸ்திரேலியாவின் நாட்டு எண். இதைச் சரிசெய்ய இன்னொரு 300 வெள்ளி கேட்டார். கொடுத்தேன். ஆம், கொடுத்தேன், சிரிக்காதீர்கள்.

எண்கள் சரியானதும் செய்திகள் கிளம்பின. மறுநாள் காலை, நான் பசியாறி முடிப்பதற்குள் தோட்டத்து அக்கா ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். "தம்பி, எங்க அப்பா செத்து எட்டு வருசமாச்சு. அவர் பேரச் சொல்லி இன்சூரன்ஸ் கட்டச் சொல்றீங்களே?" நம் பெயர்கள் எப்படி இருக்கும்? தன் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். மென்பொருளில் ஏற்ற வந்தவரோ பெயரை இரண்டாக வெட்டி, பின்பாதியைக் குடும்பப் பெயர் என்று போட்டிருக்கிறார். வணக்கம் சொல்லும் இடத்தில் அந்தக் குடும்பப் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. செத்துப்போன எத்தனை தகப்பன்மாருக்கு நான் அன்று வணக்கம் சொன்னேனோ! நான் தமிழில் தட்டி வைத்திருந்த பெயர்களோ வரிசையாகக் கேள்விக்குறிகளாக நின்றன. மென்பொருளில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாக உள்ள பட்டியல்), தமிழ் எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்திருந்தால் அது நடந்திருக்காது.

தேதி அதைவிட மோசம். என் கோப்பில் 07/11 என்றால் நவம்பர் 7. அவர் கணினி அமெரிக்க முறையில் இருந்ததால் அது ஜூலை 11 ஆனது. 25/11 என்றால்? 25ஆவது மாதம் கிடையாதே, அந்தக் கட்டம் காலி. தேதி காலி என்றால் நினைவூட்டலும் கிடையாது. அடையாளக் கார்டு எண்கள் 12 இலக்கம் என்பதால் '7.10315ஈ+11' என்று சுருங்கி, அப்படியே சிஎஸ்வியில் பதிவாகிவிட்டன. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி அல்லவா, அது மட்டும் தப்பித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னை உண்மையில் கவிழ்த்தது வேறு. தோட்டத்து வீடுகளில் அப்பாவின் காடிக்கும், மகனின் மோட்டாருக்கும், மருமகளின் மோட்டாருக்கும் ஒரே கைப்பேசி எண்ணைத்தான் கொடுப்பார்கள். ஒரே எண் வந்தால் ஒரே ஆள், பழையதன் மேல் புதியதை எழுது என்று அவர் அமைத்திருந்தார். ஒரு வீட்டில் கடைசியாக வந்த வண்டி மட்டும் மிஞ்சியது. 1,860 வரி 1,094 ஆகிவிட்டது. ஆள் ஒரு பட்டியல், வண்டி இன்னொரு பட்டியல் என்று பிரித்து, முதலில் ஆட்களை ஏற்றி, அடையாளக் கார்டு எண்ணை வைத்து வண்டிகளை அவர்களோடு கோக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், என் கோப்பும் சுத்தம் இல்லை. ஊரின் பெயர் 2007இல் மாறியது. என்னிடம் பாதிப் பேருக்குப் பழைய பெயர், பாதிப் பேருக்குப் புதுப் பெயர், அஞ்சல் எண் மட்டும் எல்லாருக்கும் 45600. ஆனால் அதைப் பார்த்து, "அண்ணே, இது ஒரே ஊரா?" என்று கேட்பதற்குத்தானே அவருக்குக் கூலி?

போன் செய்தால், "டேட்டா கிளீனிங் தனி வேலை அண்ணே, 1,200 வெள்ளி ஆகும்" என்றார். சரி, என் தகவலை வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை. கணக்கு முழுவதும் அவருடைய மின்னஞ்சலில். நான் வெறும் பயனர். அது போதாதென்று, ஒரு வருட உரிமம் என்று பணம் வாங்கியது அந்த மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு. அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் பக்கம் போகலாம் என்றால், அது வீட்டுத் தேவைக்கு வாங்கியவர்களுக்கு, தொழிலுக்கு வாங்கியவர்களுக்கு இல்லை. 5,000 வெள்ளிக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை போடலாம், அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பணத்தைவிட என்னை உறுத்துவது அவரிடம் இன்னும் இருக்கும் என் வாடிக்கையாளர்களின் அடையாளக் கார்டு எண்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி அவற்றைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு என் தலையிலும் இருக்கிறது.

யாராவது இந்த வேலைக்கு ஆள் வைத்தால், கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். முழுக் கோப்பைக் கொடுக்காதீர்கள். ஒரே போனில் மூன்று வண்டி உள்ள வீடு, தமிழில் எழுதிய பெயர், 25ஆம் தேதி காலாவதி, 2000க்குப் பிறகு பிறந்து எண் பூஜ்யத்தில் தொடங்கும் பிள்ளை என்று சிக்கலான வரிகளாகப் பார்த்து 20 எடுத்துக் கொடுங்கள். அந்த இருபதும் திரையில் சரியாக நிற்பதைப் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

என்னிடம் பென்டிரைவில் மூன்று மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்று இருந்தது, பிழைத்தேன். அதற்குப் பின் வந்த வண்டிகள் என் மனைவியின் 555 குறிப்புப் புத்தகத்தில் பென்சிலில் இருக்கின்றன. சாயங்காலம் கடை அடைத்தபின் அவர் வாசிக்க நான் தட்டுகிறேன், இம்முறை எண் கட்டங்களை எல்லாம் முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். இதற்கிடையில் நினைவூட்டல் வராமல் சாலைத் தடுப்பில் மாட்டிய ஒரு தம்பியின் சம்மனை நானே கட்டினேன். இன்னும் 210 வண்டி பாக்கி. நம் கடையில் புதுப்பித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், செய்திக்குக் காத்திருக்காமல் உங்கள் இன்சூரன்ஸ் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஒரு போன் போடுங்கள்.