டிராகுலா: தேதி வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ரத்தக் காட்டேரிக் கதைதான். ஆனால் கதை சொல்ல ஆளே இல்லாத நாவல். 27 அத்தியாயமும் கடிதம், நாட்குறிப்பு, தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் பதிவேடு என்றே ஓடுகிறது. யார், யாருக்கு, என்றைக்கு எழுதினார் என்ற தலைப்பு வரியை விட்டுவிட்டுப் படித்தால் பாதி பயம் போய்விடும்.

நான்காம் அத்தியாயத்தைப் பாருங்கள். வேலையாகப் போய்க் கோட்டையில் மாட்டிக்கொண்ட இளம் வக்கீல் ஹார்க்கரிடம் மே 18 இரவு டிராகுலா பிரபு மூன்று கடிதம் எழுதச் சொல்கிறான்: வேலை முடியப்போகிறது, நாளைக் காலை கிளம்புகிறேன், கோட்டையை விட்டு பிஸ்ட்ரிட்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன். என்ன தேதி போடுவது என்றால் ஜூன் 12, 19, 29 என்கிறான். தன் ஆயுள் எதுவரை என்று ஹார்க்கருக்கு அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. பல்லும் ரத்தமும் வேண்டியிருக்கவில்லை, மூன்று தேதி போதும்.

பதினோராம் அத்தியாயத்தில் செப்டம்பர் 17. இங்கிலாந்தில் லூசி என்ற இளம்பெண் டிராகுலாவுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறாள். இன்றிரவு நீங்கள் அவள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று, அவளைக் கவனிக்கும் டாக்டர் சீவர்டுக்கு அவருடைய ஆசிரியர் வான் ஹெல்சிங் ஆண்ட்வெர்ப்பிலிருந்து தந்தி அடிக்கிறார். கார்ஃபாக்ஸ் என்று இடப்பெயர் மட்டும் இருக்கிறது, மாவட்டம் இல்லை. தந்தி வேறு மாவட்டமான சசெக்ஸ் போய்ச் சுற்றி 22 மணி நேரம் தாமதமாக வருகிறது. சேலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டாம். வெறும் 'ஆத்தூர்' என்று எழுதினால் நம் ஆத்தூரா, திண்டுக்கல் ஆத்தூரா? லூசிக்கு அந்த ராத்திரி காவல் இல்லை. அதே தேதியில், ஹார்க்கரை மணந்த தோழி மினா புதுக் குடித்தன சந்தோஷத்தைப் பக்கம் பக்கமாக அவளுக்கு எழுதியிருக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் வரும் அந்தக் கடிதத்தின் தலையில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு: அவள் பிரிக்கவில்லை.

குழப்பம் வருவது தேதி பின்னால் போகும் இடங்களில். நான்காம் அத்தியாயம் ஜூன் 30-ல் முடிய, ஐந்தாவது மே 9-க்குத் திரும்புகிறது. ஏழில் ஆகஸ்ட் 8 புயல் செய்தி முதலில், டிராகுலா இங்கிலாந்து வந்த கப்பலின், ஜூலை 6-ல் தொடங்கும் பதிவேடு பிறகு. அரைத்தாளில் தேதி, எழுதியவர், அவருக்கு இன்னும் தெரியாதது என்று மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசைதான் நாவலின் உயிர்.

குறையும் அங்கிருந்தே வருகிறது. பதினேழில் மினா எல்லாவற்றையும் தேதி வரிசையில் டைப் அடித்துவிடுகிறாள். எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிட, தெரியாதது சுருங்கி விறுவிறுப்பு தளர்கிறது. வான் ஹெல்சிங்கின் நீண்ட பேச்சு வேறு.

மழை மாதத்தில் இரண்டு நாள் ஏற்காடு போகிறவர்கள் முதல் நான்கு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படிக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் மட்டும் வேண்டாம், பொடி எழுத்துத் தேதிகள் தலையைச் சுற்றவைக்கும்.

சுருக்கப் பதிப்புகளில் கடிதங்களைக் கலைத்துச் சாதாரணக் கதையாக்கியிருந்தால் பணம் வீண். தமிழோ ஆங்கிலமோ, கடையிலேயே ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரியுங்கள். லூசிக்கு மினா எழுதிய கடிதத்தோடு தொடங்க வேண்டும். பன்னிரண்டில் 'பிரிக்கவில்லை' குறிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.