இறக்குமதி சோடா காம்போ வாங்குமுன் கேனைக் கவிழ்த்துப் பாருங்கள்

பொவண்டோவில் கேஸ் போயிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பன்னீர் சோடா பழசாகியிருந்தால் மூக்கே காட்டிக்கொடுக்கும். பெரு நாட்டு இன்கா கோலாவோ தைவான் வெண்பூசணி டீயோ கெட்டுப்போயிருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நல்லது எப்படி இருக்கும் என்பதே நமக்குத் தெரியாது. சென்னையில் இறக்குமதிக் குளிர்பானம் விற்கும் சிலர் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். குடித்தவர் ஏதாவது கேட்டால் "அதோட டேஸ்டே அப்படித்தான் சார்" என்று ஒரே பதில். இந்த விஷயத்தில் நாக்கை நம்ப முடியாது. கேனில் இருக்கும் எழுத்தைத்தான் நம்ப வேண்டும். அந்த எழுத்தையே அழித்து விற்கிறார்கள் என்பதால்தான் இந்தப் பதிவு.

2026 ஜனவரி மூன்றாம் வாரத்தில், இன்ஸ்டாகிராமில் மட்டும் வியாபாரம் செய்யும் ஒரு சென்னைக் கடையில் "உலகம் சுற்றும் 12" என்ற காம்போ பெட்டி வாங்கப்பட்டது. விலை ரூ. 2,950. முழுப் பணமும் முன்கூட்டியே, பில் கிடையாது. உள்ளே இருந்தவை: ஜப்பான் ராமுனே இரண்டு, கொரியாவின் மில்கிஸ், இன்கா கோலா, ஸ்காட்லாந்தின் அயர்ன்-ப்ரூ, பிரேசிலின் குவரானா, ஆஸ்திரியாவின் அல்ம்டுட்லர், அமெரிக்காவிலிருந்து ரூட் பியர், எலுமிச்சை சோடா, டயட் செர்ரி கோலா ஆகிய மூன்று, தைவான் வெண்பூசணி டீ, சீனப் புளிப்பு பிளம் பானம். பன்னிரண்டில் ஏழு விற்கவே கூடாதவை. மூன்று காலாவதியானவை, மூன்றில் தேதி அழிக்கப்பட்டுப் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது, ஒரு ராமுனேவில் கேஸே இல்லை. இதில் தயாரித்த கம்பெனிகள் மீது எந்தக் குறையும் இல்லை. குற்றம் முழுக்க இங்கே நடந்தது.

முதலில் காலாவதியான மூன்று. எதிலும் தேதி அழிக்கப்படவில்லை. நமக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

டயட் செர்ரி கோலாவில் 01/05/26 என்று இருந்தது. கடையின் ஸ்டிக்கர் அதை "1 மே 2026" என்று மாற்றி எழுதியிருந்தது. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். ஆகவே அது ஜனவரி 5. பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோன சரக்கு. தைவான் டீயில் 114.05.20 என்று இருந்தது. தைவானில் 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணுவார்கள், அதனால் 1911-ஐக் கூட்ட வேண்டும். 114 என்றால் 2025, அதாவது 2025 மே 20. தாய்லாந்து சரக்கில் நேர்மாறு: அங்கே புத்த ஆண்டு அச்சாகியிருந்தால் 543-ஐக் கழிக்க வேண்டும். 2568 என்பது 2025. "இன்னும் ஐநூறு வருஷம் இருக்கே" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் உண்டு, தயவுசெய்து கழித்துப் பாருங்கள்.

சீனச் சரக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜப்பான், கொரியக் கேன்களில் அடியில் ஒரே ஒரு தேதி இருந்தால் அது பெரும்பாலும் எதுவரை குடிக்கலாம் என்பது. சீனக் கேனில் ஒரே ஒரு தேதி இருந்தால் அது பெரும்பாலும் தயாரித்த தேதி. எத்தனை மாதம் தாங்கும் என்பது பக்கவாட்டில், சேர்பொருள் பட்டியலுக்கு அருகில், 12 அல்லது 18 என்ற எண்ணாகத் தனியே இருக்கும். இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். இந்தப் பெட்டியில் வந்த பிளம் பானத்தில் தயாரித்த தேதி 2024 மார்ச், பக்கவாட்டில் 12 மாதம். கடை ஸ்டிக்கரிலோ "24 மாதம்". மொபைல் கேமராவில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து அந்த எழுத்துகள் மேல் காட்டினால் அரை நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

அடுத்து, தேதி மாற்றப்பட்ட மூன்று: அயர்ன்-ப்ரூ, ரூட் பியர், எலுமிச்சை சோடா. கேனின் அடியில் தொழிற்சாலை அடிப்பது இங்க்ஜெட் மை. நெயில் பாலிஷ் ரிமூவரிலும் தின்னரிலும் கரைந்துவிடும். துடைத்த இடத்தில் அலுமினியத்தின் பளபளப்பு மங்கி, வட்டமாக ஒரு தேய்ந்த தடம் நிற்கும். டியூப்லைட்டுக்குக் கீழே கேனைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அதன் மேல் கையடக்க இங்க்ஜெட் கருவியால் புதுத் தேதி அடிக்கிறார்கள். அடித்தவர் அவசரக்காரர். இரண்டு நாட்டில் மூன்று கம்பெனி தயாரித்த மூன்று கேனிலும் ஒரே எழுத்து, ஒரே தேதி: 30/11/26. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கக் கம்பெனி தன் கேனில் 30-வது மாதம் என்றா அடிக்கும்? இன்னொரு சோதனையும் உண்டு. பல தொழிற்சாலைகள் தேதியோடு பேட்ச் எண்ணும் நிரப்பிய நேரமும் சேர்த்து அடிக்கும், அந்த நேரம் கேனுக்குக் கேன் மாறும். ஒரே பானத்தில் நான்கு கேன் வாங்கி, நான்கிலும் நிமிடம் வரை ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். லேசரில் பொறித்த தேதியைத் துடைக்க முடியாது, அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் மறைப்பார்கள்.

அந்த எலுமிச்சை சோடா எவ்வளவு பழையது என்பதைச் சேர்பொருள் பட்டியலே சொல்லிவிட்டது. அதில் புரோமினேட்டட் வெஜிடபிள் ஆயில், சுருக்கமாக பி.வி.ஓ., இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் கலந்து நிற்கச் சேர்ப்பது. இந்தியா இதை 1990-லேயே தடை செய்துவிட்டது. அமெரிக்கா 2024 ஜூலையில்தான் அனுமதியைத் திரும்பப் பெற்றது, கம்பெனிகள் மாற்றிக்கொள்ள 2025 ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. ஆகவே பி.வி.ஓ. எழுதிய கேன் கையில் வந்தால் அது பழைய சரக்கு, சட்டப்படி நம் சுங்கத்தைத் தாண்டி வந்திருக்கவும் முடியாது.

இனி ஸ்டிக்கர். முறையாக இறக்குமதியான பானத்தில் இறக்குமதியாளர் பெயர், முழு முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை, 14 இலக்க உரிம எண், சைவ அசைவக் குறி, எம்.ஆர்.பி., எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவற்றை ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு, அதனால் ஸ்டிக்கர் இருப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். ஆனால் சேர்பொருள் பட்டியல், தேதி, பேட்ச் எண் மூன்றும் தயாரிப்பாளர் அச்சிட்டதாகவே இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் தேதியைத் திரும்ப எழுதியிருந்தால் அது கேனில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கேனில் தேதி இல்லாமல் ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

உரிம எண்ணை வெறும் கண்ணால் படித்தே பாதி தெரிந்துகொள்ளலாம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலக் குறி: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. இறக்குமதி செய்ய மத்திய உரிமம் கட்டாயம் என்பதால் இறக்குமதியாளர் எண் 100 என்று தொடங்க வேண்டும். இந்தப் பெட்டியில் பன்னிரண்டிலும் ஒட்டியிருந்தது 124-இல் தொடங்கும் ஒரே எண். அந்த ஆணையத்தின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் போட்டுப் பார்த்தால் அது இறக்குமதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு உணவகத்தின் உரிமம். உரிமம் இருக்கிறது என்று காட்ட யாருடைய எண்ணையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

பார்கோடு 49-இல் தொடங்கினால் ஜப்பான், 880 என்றால் கொரியா என்று சில விற்பனையாளர்கள் பாடம் எடுப்பார்கள். அந்த எண் கம்பெனி எந்த நாட்டில் பதிவு வாங்கியது என்பதைத்தான் சொல்லும், பானம் எங்கே நிரப்பப்பட்டது என்பதைச் சொல்லாது. "யு.எஸ். இறக்குமதி" என்று விற்கும் கேனில் தயாரித்த இடம் என்று சிறிய எழுத்தில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஒரிஜினல் இறக்குமதியாளரிடம் வாங்கினாலும் ஆயுள் குறைவாக இருக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். சுங்கத்தில் விடுவிக்கும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது 3 மாதம், இதில் எது குறைவோ அது மிச்சம் இருந்தால் போதும் என்பதே விதி. 12 மாதம் தாங்கும் கேன் 3 மாத ஆயுளோடு துறைமுகத்தை விட்டு வெளியே வரலாம். மாதவரம் பக்கத்துத் தகரக் கூரை கோடவுனில் சில வாரம் கிடந்தால் நம் கைக்கு வரும்போது மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அந்தக் கோடவுன் சூடுதான் இரண்டாவது எதிரி. டயட் பானங்களில் உள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு வெப்பத்தில் சிதையும், இனிப்பு குறைந்து தட்டையாகிவிடும். அயர்ன்-ப்ரூவும் இந்தக் கணக்கில் வரும். 2018 ஜனவரியில் அதன் சர்க்கரையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் செயற்கை இனிப்பைச் சேர்த்தார்கள். பெட் எனும் பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் கேஸ் அதன் சுவர் வழியாகவே மெல்லக் கசியும், சூடு ஏற ஏற வேகம் கூடும், சிறிய பாட்டிலில் இன்னும் சீக்கிரம். ஒரே பானம் கேனிலும் பெட்டிலும் கிடைத்தால் சென்னையில் கேனையே எடுங்கள். விளிம்பில், அதாவது மூடி மடிந்திருக்கும் ஓரத்தில், நசுங்கிய கேன் வேண்டவே வேண்டாம். நசுங்கிய இடத்தில் உள்பூச்சு விரிசல் விட்டால் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். அடிப்பாகம் உப்பியிருந்தால் திறக்காதீர்கள்.

ராமுனே நம் கோலி சோடாவின் அண்ணன் தம்பி. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் வடிவமைத்த அதே பாட்டில், அதே தத்துவம்: உள்ளே இருக்கும் கேஸ்தான் கோலியை மேல் வளையத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. எனவே சீல் உடையாத பாட்டிலில் கோலி கழுத்தின் உச்சியில் ஒட்டியிருக்க வேண்டும். மெல்ல அசைத்தால் கடகடவென்று இடுப்பில் உருண்டால் கேஸ் போய்விட்டது. இந்தப் பெட்டியில் ஒன்று அப்படித்தான் வந்தது. நல்ல பாட்டிலைத் திறக்க, மூடியோடு வரும் பிளாஸ்டிக் அழுத்தியை மேலே வைத்து, சமதளத்தில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே அழுத்து. ஐந்து விநாடி கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும், உடனே எடுத்தால் பொங்கி மேசையெல்லாம் வழியும். குடிக்கும்போது கழுத்தில் உள்ள இரண்டு குழிகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்தால் கோலி அதில் தங்கி வழி விடும்.

எது இயல்பு, எது கேடு என்று தெரிந்தால் "டேஸ்டே அப்படித்தான்" என்ற பதிலுக்கு மடங்க வேண்டியதில்லை. ரூட் பியரில் வலி நிவாரணக் களிம்பு வாசனை வந்தால் அது இயல்பு, இரண்டிலும் வருவது மெத்தில் சாலிசிலேட் வாசனைதான். நன்னாரி பழகியவர்களுக்கு இரண்டாவது மடக்கில் பிடித்துவிடும். இன்கா கோலா பளீர் மஞ்சளாக, பபிள்கம் போல இனிப்பதும் இயல்பு. மில்கிஸில் பால் இருப்பதால் வெண்மையாகக் கலங்கியிருக்கும், ஆனால் திரிதிரியாக இருந்தால் கொட்டிவிடுங்கள். எந்தப் பானமானாலும் திறக்கும்போது உஸ் சத்தம் வராதது, உலோக நாற்றம், சம்பந்தமில்லாத புளித்த வாடை ஆகிய மூன்றும் கேடுதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் இரண்டு விஷயம். ஜப்பானியச் சாராயக் கேன்களில் பீச், திராட்சைப் படம் போட்டு ஜூஸ் போலவே இருக்கும். அவற்றின் மேல்மூடியில், திறக்கும் வளையத்துக்கு அருகே, மது என்று பிரெய்ல் புள்ளிகள் பெரும்பாலும் புடைத்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சில அமெரிக்க எனர்ஜி டிரிங்க்குகளில் 355 மி.லி. கேனுக்கு 200 மி.கி. காஃபீன் இருக்கிறது. நம் விதிப்படி லிட்டருக்கு 300 மி.கி.தான் உச்சம், அந்த அளவு கேனுக்கு 106 மி.கி. வரை மட்டுமே. சைவ உணவுக்காரர்கள் சிவப்புப் பானங்களில் இ120 இருக்கிறதா என்று பாருங்கள், அது பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். பச்சைப் புள்ளி ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம்.

பர்மா பஜாரில் கிடைப்பதில் ஒரு பங்கு, வெளிநாடு போய் வந்து சரக்கு சுமக்கும் "குருவிகள்" பெட்டியில் வந்தது. சொந்த உபயோகத்துக்கென்று வருவதால் உணவுப் பரிசோதனை கிடையாது, ஸ்டிக்கரும் இருக்காது. ஆனால் கேனைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்க்க அங்கே முடிகிறது, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு நகரலாம். ஆன்லைன் காம்போவில் அது முடியாது. அப்படியே வாங்க வேண்டுமென்றால் பணம் போடுமுன் ஒவ்வொரு கேனின் அடிப்பாகத்தையும் போட்டோ கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை இனிப்புக் காற்றடைத்த பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அமெரிக்காவிலிருந்து முறையாக வந்த கேன் ரூ. 80-க்குக் கிடைக்கிறது என்றால் அந்த விலையே ஏதோ சொல்கிறது.

ஏமாந்துவிட்டால் எல்லாக் கேனையும் திறந்துவிட வேண்டாம். சந்தேகமான ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது சீலோடு இருக்கட்டும். தேதி இருந்த இடத்தைத் துடைத்துப் பார்க்காதீர்கள், அதுதான் சாட்சி. அடிப்பாகம், ஸ்டிக்கர், பார்சல் கவர், பணம் போன ரசீது, சாட் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கோ ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பிலோ புகார் போடுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

இந்தக் கடை முதலில் "பெஸ்ட் பிஃபோர்தான் முடிஞ்சிருக்கு, எக்ஸ்பயரி இல்ல, குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றது. காலாவதித் தேதி போடுவது இப்போது கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் என்பது கூடுதல் தகவல் மட்டுமே என்று 2020 லேபிள் விதியைக் காட்டியதும் மூன்று கேனுக்கான ரூ. 735 திரும்பி வந்தது. தேதி அழித்த மூன்றுக்கும் கேஸ் போன ராமுனேவுக்கும் பதில் வரவில்லை, சாட் பிளாக் ஆகிவிட்டது. தேதி அழித்த அந்த மூன்று கேன்களும் பணம் போன ரசீதும் புகாரோடு கொடுக்கப்பட்டிருக்கின்றன. கடையின் பக்கத்தில் அதே காம்போ இன்றும் விற்பனையில் இருக்கிறது, விலை மட்டும் ரூ. 2,499 ஆகக் குறைந்திருக்கிறது.