உப்பு மண்ணுக்கு எது தோது: புதைக்கிற சென்சாரா, நியூட்ரான் டிடெக்டரா?

கடலாடிப் பக்கம் மிளகாய்க் காட்டுல மண் ஈரம் அளக்குறதுதான் எங்க வேலை. மொதல்ல மண்ணுக்குள்ள புதைச்சு, மண்ணோட மின்தன்மையை வச்சு ஈரத்தைச் சொல்ற கெப்பாசிட்டன்ஸ் சென்சார் வச்சிருந்தோம், போன ஐப்பசி மழைக்கு முன்னாடி காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளிக் கதிர், கிளப்புற நியூட்ரானை எண்ணுற டிடெக்டருக்கு மாறுனோம். என்னைக் கேட்டா இந்தக் கரைக்கு ரெண்டாவதுதான்.

சாட்டிலைட்டைப் பத்தி நீட்ட வேணாம், மண் ஈரம் அளக்குற நாசாவோட ஸ்மாப் சாட்டிலைட் பார்க்குற ஒரு கட்டம் 36 கிலோமீட்டர், கரையோரமா வந்தா அதுல கடலும் சேர்ந்துடும்.

புதைக்கிற சென்சார் விலை கம்மி, வேணுங்கிற ஆழத்துல வைக்கலாம். ஆனா பராமரிப்பு இருக்கே, அதுதான் ஆளைப் படுத்திடுச்சு. மண்ணுல உப்பு ஏறுனா மின்கடத்தல் கூடி, காய்ஞ்ச மண்ணையே ஈரம்னு காட்டும். சித்திரையில கரிசல் வெடிச்சப்ப ஒண்ணைத் தோண்டிப் பார்த்தோம், சென்சார் முள்ளுக்கும் மண்ணுக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகுது, அத்தனை நாளும் அது காத்தைத்தான் அளந்திருக்கு. உழவுக்கு முன்னாடி எல்லாத்தையும் பிடுங்கணும், திரும்பப் புதைச்சா பழைய டேட்டாவோட ஒட்டவே ஒட்டாது.

டிடெக்டர் வரப்புல ஒரு கம்பத்துல நிக்குது, மண்ணைத் தொடுறதே இல்ல. காஸ்மிக் கதிர் காத்துலயும் மண்ணுலயும் மோதி வேகமான நியூட்ரானைக் கிளப்பும். அந்த நியூட்ரானைத்தான் டிடெக்டர் எண்ணுது. தண்ணியில இருக்குற ஹைட்ரஜனோட கருவும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே எடை, அதனால சம எடைக் கோலி ரெண்டு மோதுன மாதிரி வேகம் சட்டுனு செத்துடும். ஈரம் கூடுனா எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். சுத்தி 130லருந்து 240 மீட்டர் வரைக்கும் காட்டோட மொத்த ஈரமும் ஒரே நம்பரா வந்துடும். ஒண்ணு மட்டும் கவனிங்க, டிடெக்டர்ல நியூட்ரானை எண்ணுற குழாயைப் பாலித்தீன் உறை போட்டதா வாங்குங்க, வெறும் குழாய் எண்ணுற மெதுவான நியூட்ரானை உப்புல இருக்குற குளோரின் விழுங்கிடும்.

குறை இல்லாம இல்ல. விலை லட்சக்கணக்குல. நாம காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல, அதுவும் கடல்மட்டத்துல இருக்கோம், பூமியோட காந்தப்புலம் கதிரை நிறையவே தடுத்துடுறதால எண்ணிக்கை கம்மியாத்தான் வரும். மணிக்கு 400 எண்ணுனா 5 சதவீதம் ஆடும், 24 மணி நேரத்தைக் கூட்டுனாத்தான் அது 1 சதவீதத்துக்கு இறங்கும். அதனால தண்ணி பாய்ச்சுன அடுத்த மணியிலயே ரிசல்ட் வேணும்னா இது சரிப்படாது. விண்வெளியில இருந்து வர்ற கதிர் ஏறி இறங்குறதைச் சரிபண்ண வழக்கமா சுவிட்சர்லாந்து யுங்ஃப்ராவ்யோக்ல காஸ்மிக் கதிர் அளக்குற நிலையத்தோட டேட்டாவைத்தான் எடுப்பாங்க, நம்ம ஊருல அந்த ஏற்ற இறக்கம் அங்க அளவுக்கு இருக்காது, அதை அப்படியே போட்டா திருத்தம் கூடிப்போயிடும்.

நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம்தான். பக்கத்துல சீமைக்கருவேலத்தை வெட்டுனா அந்தச் செடியில இருந்த தண்ணியும் கணக்குல இருந்து போயிடும், அப்ப திரும்ப மண்ணு எடுத்து அடுப்புல 105 டிகிரியில காயவச்சு டிடெக்டர் நம்பரை அதோட ஒத்துப்பார்த்து கேலிப்ரேஷன் பண்ணணும், அந்த வேலை எங்களுக்கு இன்னும் வரல. கண்மாய் பெருகுனா அந்தத் தண்ணியும் மண் ஈரம் மாதிரி கணக்குல சேர்ந்துடும், அதனாலதான் கம்பத்தைக் கண்மாய்க் கரையில இருந்து 400 மீட்டர் தள்ளி நட்டோம்.