விழாவா, தியேட்டரா, மன்றமா, யூடியூபா? ஒரு போர்க்கால ஆவணப்படத்தைச் சிங்கப்பூரில் எங்கே காட்டுவது

கையில் ஒரு மணி நேர ஆவணப்படம் இருக்கிறது. பெரிய தயாரிப்பாளர் கிடையாது, தெரிந்த முகம் கிடையாது, பாட்டும் கிடையாது. 1990இல் மின்சாரம் நின்றுபோன யாழ்ப்பாணத்தில் சனங்கள் எப்படிச் சமைத்தார்கள், பிள்ளைகள் எப்படிப் பரீட்சைக்குப் படித்தார்கள், குண்டு விழுந்த வாரத்தில் கல்யாணம் எப்படி நடந்தது என்பதுதான் படம். இதைச் சிங்கப்பூர்த் தமிழர்களிடம் கொண்டுசேர்க்க நான்கு வழிகள் உண்டு: திரைப்பட விழா, தியேட்டரில் கட்டணக் காட்சி, சமூக மன்றத்திலோ சங்கத்திலோ சிறு திரையிடல், நேரே இணையம். இப்படிப்பட்ட படத்துக்குத் தொண்டூழியராக விளம்பர வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சிறு திரையிடல் பக்கம். ஏன் என்று சொல்ல மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. முதல் மூன்று வழிகளுக்கும் வாசல் ஒன்றுதான். பொதுவில் காட்டும் படத்துக்கு ஐஎம்டிஏ, அதாவது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு வேண்டும். "இலவசக் காட்சிதானே, தெரிந்தவர்கள்தானே வருகிறார்கள்" என்று இருந்துவிடக் கூடாது. ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று ஆறு படிகள். பிஜி13 வரை ஆலோசனையோடு சரி. என்சி16 ஆகிவிட்டால் வாசலில் வயது பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவர நினைக்கும் ஏற்பாட்டாளர், சிதறிய உடல்களைக் காட்டும் காட்சி தேவைதானா என்று இயக்குநரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

அனுமதியே கிடைக்காமலும் போகலாம். 2018 ஜனவரியில் பாலஸ்தீனச் சிறுமிகள் இருவரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு இங்கே எந்த வகைப்பாடும் தரப்படவில்லை. கதை ஒருதலையாக இருக்கிறது, இன, சமய நல்லிணக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஒரு படத்தை 2013இல் தணிக்கைக்கு அனுப்பாமல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமை ஊழியர் மீது வழக்குப் போட்டார்கள். அது இழுத்து இழுத்து 2017இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் முடிந்தது. பயந்து ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விண்ணப்பம் முதலில், போஸ்டர் பிறகு. நாள் குறித்து, மண்டபம் பிடித்து, ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு வகைப்பாட்டுக்குக் காத்திருப்பது வீண் வயிற்றெரிச்சல்.

இனி வழிகளுக்கு வருவோம். சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா 1987இல் தொடங்கியது. இப்போது ஆண்டுக் கடைசியில் நடக்கிறது. தேர்வானால் பாதிப் பாரம் இறங்கிவிடும். நல்ல திரை, நல்ல ஒலி, செய்தியாளர்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படத்தின் போஸ்டரில் விழாவின் இலை முத்திரை ஏறிவிட்டால் அடுத்த ஊரிலும் கதவு திறக்கும். ஆனால் விழாக்கள் பெரும்பாலும் முதல் காட்சி தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவை. அதனால் முடிவு தெரியும்வரை படத்தை வேறெங்கும் காட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு 'வருந்துகிறோம்' என்ற மின்னஞ்சல் வந்தால், அந்தக் காலம் போனது போனதுதான்.

அதைவிட எனக்குப் பெரிய குறை, கூட்டம். விழாவுக்கு வருபவர் விழாவுக்காக வருபவர். நல்ல ரசிகர், கூர்ந்து பார்ப்பார், ஒளிப்பதிவைப் பற்றிக் கேள்வி கேட்பார். ஆனால் பிடோக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆச்சி இணையத்தில் டிக்கெட் எடுத்து, இரவு ஒன்பது மணிக் காட்சிக்கு நகருக்குள் வரப்போவதில்லை. படம் அவருடைய அடுப்படியைப் பற்றியது. அவர் இல்லாத அரங்கில் அதைக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவதில் எனக்குப் பாதி மனசுதான்.

தியேட்டர் வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அந்த வழியே சுருங்கிவிட்டது. பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனப் படங்களுக்குத் தாய்வீடு போல இருந்த தி புரொஜெக்டர் 2025 ஆகஸ்டில் மூடியது. அடுத்த மாதமே கேத்தே திரையரங்குகளும் நின்றன. கோல்டன் வில்லேஜ், ஷா போன்றவற்றில் ஓர் அரங்கை முழுதாக வாடகைக்கு எடுக்கலாம். டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை வாடகைதான். ரஜினி படம் வந்த வாரத்தில் உங்கள் ஆவணப்படத்துக்கு நல்ல நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரமான திரை கட்டாயம் வேண்டும் என்றால் கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இருக்கும் ஓல்ட்ஹாம் அரங்கைக் கேட்டுப் பாருங்கள். ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்துவது. அளவான அரங்கு, காலியாகத் தெரியாது.

சரி, சிறு திரையிடல். இதில் இடத்தைப் பொறுத்து ஆட்கள் மாறுவார்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் வைத்தால் வாசகர்கள், எழுத்தாளர்கள், ஆசிரியர்கள். பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வைத்தால் தமிழ் அமைப்புகளின் வழக்கமான முகங்கள், கூடவே தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் வேலையாக வந்தவர்கள். சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலையொட்டிப் புழங்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை அழைக்க வேண்டும் என்றால் அங்கே நேரில் போய் நாலு பேரிடம் பேச வேண்டும். மின்னஞ்சல் வேலைக்கு ஆகாது. வெளிநாட்டு ஊழியர்கள் வர வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அவர்களில் பலருக்கு அது ஒன்றுதான் விடுப்பு நாள்.

தொழில்நுட்பத்தில் இந்த வழிதான் மோசம், மறைக்க ஒன்றுமில்லை. சமூக மன்ற அறையில் திரைச்சீலையை எவ்வளவு இழுத்து மூடினாலும் பிற்பகல் வெயில் ஒரு கீற்றாக வந்து திரையின் நடுவில் விழும். பக்கத்து அறையில் சிங்க நடனப் பயிற்சி என்றால் மேளச் சத்தம் உங்கள் படத்தின் பின்னணி இசையாகிவிடும். நாற்காலிகள் சமதரையில் இருப்பதால் திரையின் அடியில் வரும் ஆங்கில வசன வரிகளை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். வசன வரிகளைக் கொஞ்சம் மேலே ஏற்றிய தனிப் பிரதி ஒன்றை இயக்குநரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு யாழ்ப்பாணப் பேச்சு பிடிபடாது. வரிகள் மறைந்தால் அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இவ்வளவு குறையும் இருக்க, ஏன் இதையே சொல்கிறேன்? படம் முடிந்தபின் அறை இன்னும் ஒரு மணி நேரம் உங்களுடையது. தியேட்டரில் அடுத்த காட்சிக்கு ஆள் உள்ளே வந்துவிடுவார். விழாவில் கேள்வி நேரம் கொஞ்சம்தான். மன்றத்தில் தேநீரோடு உட்காரலாம். ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய காட்சியைப் பார்த்த சிங்கப்பூர்ப் பெரியவர், தன் வீட்டில் கேட்டு வளர்ந்த ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை எடுப்பார். 1942 பிப்ரவரி 15இல் தொடங்கிய அந்த மூன்றரை ஆண்டு, மரவள்ளிக்கிழங்கு, கையில் மூட்டையாக இருந்தும் செல்லாத, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு, தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன மாமா. யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத சஞ்சிக்கூலி, அதாவது ஒப்பந்தக் கூலி வம்சத்துப் பேரனுக்கும் படம் அப்போதுதான் சொந்தமாகிறது. இந்தப் பேச்சு எழும் என்று தெரிந்தே திட்டமிடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இலிருந்து பதிவு செய்துவருகிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் அதில் பெரிய பகுதி. அதை அறிந்த ஒருவரைப் பேச அழைத்தால் கூட்டம் தானாகவே இரண்டு தலைமுறையாகும்.

இதே காரணத்துக்காக, சிங்கப்பூர் விழுந்த பிப்ரவரி 15ஐ நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தோடு சேர்த்து வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பள்ளிகள் வரும், உண்மைதான். ஆனால் அந்த நாளுக்கு அதற்கென்று ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் படம் அதற்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடும். இலங்கைப் போர் முடிந்த மே 18ஐ ஒட்டி வைத்தால் நினைவேந்தல் கூட்டமாகப் பார்க்கப்படும். வர வேண்டிய பாதிப் பேர் தயங்குவார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. அந்த ஒரு மாதத்தில் வார இறுதிக்கு எத்தனையோ நிகழ்ச்சி, ஒரே ஆட்களை எல்லாரும் இழுப்பார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களைச் சொல்லவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் என் தேர்வு.

விளம்பர வாசகம் எந்த வழிக்கும் பொது. 'போரின் கோர முகம்' என்று சிவப்பு எழுத்தில் போஸ்டர் அடித்தால் ஏற்கெனவே அரசியல் பேசுபவர்கள் மட்டும் வருவார்கள். 'பெட்ரோல் சில சொட்டு, மிச்சம் மண்ணெண்ணெய்: அந்த மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது?' என்று அனுப்பிப் பாருங்கள். பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் பேட்டரியும் வராத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காட்சியே நல்ல முன்னோட்டம். போஸ்டரில் எந்தக் கொடியும் வேண்டாம். வெளிநாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் கட்டுப்படுத்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, கொடி வந்தால் ஆள் மறைந்துவிடுவார். 'தமிழ் முரசு' நாளிதழுக்கோ ஒலி 96.8 வானொலிக்கோ எழுதும்போதும் படத்தின் பெருமையை விட்டுவிட்டு, அதில் வரும் ஒரு குடும்பத்தைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். செய்தியாளருக்கு வேண்டியது அதுதான்.

உண்டியல் வைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் உடனே நிறுத்துங்கள். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. மண்டப வாடகைக்கு முன்கூட்டியே நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வது எளிது.

கடைசியாக இணையம். செலவு இல்லை, லண்டனிலும் டொராண்டோவிலும் ஒரே இரவில் பார்ப்பார்கள். எண்ணிக்கையில் மற்ற மூன்றும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் முழுப் படம் யூடியூபில் ஏறிய பிறகு விழாவின் வாசல் அநேகமாக மூடிவிடும், மன்றத்துக்கு வருபவரும் 'வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்பார், பார்க்கவும் மாட்டார். அதனால் விழா முடிவு தெரிந்து, மன்றத் திரையிடல்கள் முடிந்து, அதற்கப்புறம் கடவுச்சொல் போட்ட இணைப்பாகக் கேட்டவர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு முன் இயக்குநர் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். படத்தில் பேசியவர்கள் பலர் இன்னமும் அதே ஊரில், அதே தெருவில் இருக்கிறார்கள். பீட்டி ரோட்டில் ஓர் அறைக்குள் காட்டச் சம்மதித்தவர், தன் முகமும் வீட்டு வாசலும் யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி கிடக்கச் சம்மதித்தார் என்று அர்த்தமில்லை. அவரிடம் தனியாக, போன் போட்டு, மறுபடியும் கேட்க வேண்டும்.